மேடை, தாஸ்கா, சிகிச்சை அறை: எதை முதலில் பிடிப்பது?

மலேசியாவில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில் நம் வீடுகளில் மருத்துவம், கணக்கியல், ஐடி என்றுதான் பேச்சு ஓடும். ஆனால் அந்த வரிசையில் நிற்காத ஒரு பிள்ளை அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறது. ஆறு வயதிலிருந்து பரதம் ஆடுகிறவள். கல்யாண வீட்டுக்குப் போனால் கைக்குழந்தைகள் எல்லாம் அவள் மடியில்தான் இருக்கும். தோழிகள் அழுதுகொண்டு போன் போடுவதும் அவளுக்குத்தான். ஆட்டத்தையே தொழிலாக எடுக்கலாமா, குழந்தைப் பராமரிப்பில் போகலாமா, இல்லை தெரபி படிக்கலாமா என்று கேட்டால், "உனக்கு எது பிடிக்குமோ அதைச் செய்" என்று அத்தையும் மாமாவும் சொல்லிவிட்டுப் பாயசம் குடிக்கப் போய்விடுகிறார்கள். மூன்றும் பிடிப்பதால்தானே அவள் கேட்கிறாள்.

பிடித்ததை வைத்து இதைத் தீர்க்க முடியாது என்பது என் கருத்து. எந்தக் கதவு எப்போது மூடும் என்று பார்க்க வேண்டும். தெரபிக்குச் சட்டம் காவல் நிற்கிறது. உரிய படிப்பும் பதிவும் இல்லாமல் உள்ளே போக முடியாது. தாஸ்கா என்கிற குழந்தைப் பராமரிப்பு மைய வேலையில் முப்பத்தைந்து வயதிலும் நுழையலாம். மேடைக்குச் சான்றிதழ் தேவையில்லை, ஆனால் உடம்பு இளமையாக இருக்கும்போதே நேரம் கொடுத்தாக வேண்டும். வேறு வேலையோடு சேர்த்தும் அதை நடத்த முடியும். ஆகவே பதினெட்டு வயதில் முடிவெடுக்க வேண்டிய அவசரம் மூன்றுக்கும் ஒரே அளவில் இல்லை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இது எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்.

தெரபி என்று எதைச் சொல்கிறோம்?

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தெரபி படிக்கப் போகிறேன் என்று சொல்கிற பிள்ளைகளில் பலர் நேராகத் தனியார் கல்லூரிக்குப் போய் மூன்று ஆண்டு உளவியல் இளங்கலையில் சேர்ந்துவிடுகிறார்கள். அது நல்ல படிப்புதான். ஆனால் அதை முடித்த மறுநாள் நீங்கள் உளவியலாளர் ஆகிவிட மாட்டீர்கள், ஆலோசகரும் ஆகிவிட மாட்டீர்கள். மனிதவளத் துறைக்கும் விற்பனைக்கும் போகிற உளவியல் பட்டதாரிகள் இவ்வளவு பேர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கல்லூரியின் விளம்பரத் தாளில் இந்தத் தகவல் பெரிய எழுத்தில் இருக்காது.

மலேசியாவில் இதற்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், அதாவது சட்டம் 580. இதன்படி மலேசிய ஆலோசகர் வாரியத்தில் பதிவு செய்யாத யாரும் தன்னை ஆலோசகர் என்று சொல்லித் தொழில் நடத்தக் கூடாது. பதிவுக்கு வாரியம் ஏற்றுக்கொண்ட ஆலோசனைப் பட்டம் வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இளங்கலையிலேயே ஆலோசனைப் படிப்பு இருக்கிறது. வேறு துறையில் பட்டம் வாங்கியவர்கள் ஆலோசனையில் முதுகலை படித்து அந்தப் பக்கம் வரலாம்.

இன்னொன்று 2016-ஆம் ஆண்டின் சட்டம் 774. துணைச் சுகாதாரத் தொழில்களுக்கானது, 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குப்பேஷனல் தெரபி (எல்லோரும் சொல்வது ஓ.டி.), பிசியோதெரபி, பேச்சு சிகிச்சை, கிளினிக்கல் உளவியல் எல்லாம் இதற்குள் வருகின்றன. துணைச் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவும் வேண்டும், தொழில் நடத்தும் சான்றிதழும் வேண்டும். கிளினிக்கல் உளவியல் என்றால் இளங்கலை போதாது. அதற்கென்றே உள்ள முதுகலையை முடிக்க வேண்டும். கோலாலம்பூரில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமான யுகேஎம்மிலும் ஹெல்ப் பல்கலைக்கழகத்திலும் அது இருக்கிறது. இடங்கள் குறைவு. தனியாரில் செலவு பல்லாயிரம் வெள்ளி (ரிங்கிட்).

இவ்வளவு ஆண்டுகள் படிக்கக் குடும்பம் தாங்குமா என்று யோசிப்பவர்கள் ஓ.டி., பிசியோ, பேச்சு சிகிச்சை ஆகியவற்றை முதலில் பார்ப்பது நல்லது. இளங்கலை முடித்தாலே பதிவுக்குத் தகுதி வந்துவிடும். ஓ.டி.யையும் பிசியோவையும் டிப்ளோமா அளவிலேயே படிக்கும் வழியும் இருக்கிறது. சுங்கை பூலோவில் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரி இவற்றை நடத்துகிறது. வடக்கே இருப்பவர்களுக்குக் கெடா பெடோங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் பிசியோதெரபிக்குத் தெரிந்த இடம்.

பேச்சு சிகிச்சையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் பேசும் பிள்ளைக்கு இந்த மூன்று துறையிலும் சேர்த்து மிகப் பெரிய இடைவெளி அங்கேதான் இருக்கிறது. யுகேஎம்மின் கோலாலம்பூர் வளாகம், ஜாலான் ராஜா மூடா அப்துல் அஜீஸில் இருப்பது, 1995 முதல் இந்தப் படிப்பை நடத்தி வருகிறது. அதற்குப் பிறகு கிளந்தான் குபாங் கெரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யுஎஸ்எம்மின் வளாகத்திலும் குவாந்தானில் உள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்திலும் வந்தது. நான்கு ஆண்டு. படித்து வெளியே வருகிறவர்களில் தமிழில் ஒரு குழந்தையோடு சரளமாகப் பேசி விளையாடக் கூடியவர்கள் சொற்பம்.

அதனால் என்ன ஆகிறது? வீட்டில் பாட்டியோடு தமிழும் அப்பாவோடு ஆங்கிலமும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு மலாயும் பேசும் நான்கு வயதுக் குழந்தையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால், அதற்குத் தெரிந்ததில் பாதி கணக்கில் வராமல் போகும். சொல்வளம் குறைவு என்று எழுதிவிடுவார்கள். அந்தச் சொற்கள் தமிழில் இருப்பது சோதிப்பவருக்குத் தெரியாது. உச்சரிப்பிலும் இதே கதைதான். "பழம்" என்பதைப் "பளம்" என்று ஒரு குழந்தை சொன்னால் அது குறைபாடா, அல்லது வீட்டில் எல்லோருமே அப்படித்தான் சொல்கிறார்களா? தமிழ் தெரிந்தவருக்கு அந்தக் கேள்வியாவது மனத்தில் எழும். அம்மாவை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்துச் செய்யும் மதிப்பீட்டில் அம்மாவின் பயமும் ஆசையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு அறிவியல் பிரிவில் போய்க்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டால், யோசிக்காமல் பேச்சு சிகிச்சை என்று சொல்வேன். அரசு மருத்துவமனையில் வேலை இருக்கும், தனியார் மையங்களில் இருக்கும், பின்னாளில் சொந்தமாகவும் நடத்தலாம்.

ஆலோசனைத் துறையில் தமிழ் வேறு விதமாக உதவும், வேறு விதமாக உபத்திரவமும் கொடுக்கும். வீட்டில் நடப்பதைத் தமிழில்தான் சொல்ல வரும் என்கிற பெண்கள், குடியை விட நினைக்கும் ஆண்கள், பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் தமிழ் ஆலோசகர் தேவை. ஆனால் நம் சமூகம் சின்னது. செவ்வாய்க்கிழமை உங்கள் எதிரே உட்கார்ந்து அழுதவரை வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு பார்ப்பீர்கள். அவர் மாமியார் உங்கள் அம்மாவுக்குத் தெரிந்தவராக இருப்பார். கோலாலம்பூரிலாவது செந்தூலில் இருப்பவர் பங்சாரில் ஆலோசகரைத் தேடிக்கொள்ளலாம். பினாங்குத் தீவில் அதுவும் கஷ்டம். வாயைப் பூட்டி வைக்கத் தெரியாதவர்களுக்கு இந்தத் தொழில் ஆகாது. வீட்டில் யார் துருவிக் கேட்டாலும் ஒரு சொல் வெளியே வரக்கூடாது.

தாஸ்காவின் கணக்கு

குழந்தைப் பராமரிப்பைப் பற்றி எழுதும்போது அன்பு, பொறுமை, தாய்மை என்று ஆரம்பிப்பது வழக்கம். நான் கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்தத் துறையில் சம்பளம் ஏன் ஏறுவதில்லை என்பது அதில்தான் புரியும்.

நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நால்வரோ அதற்கு மேலோ, ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளிலிருந்து, பணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளப்பட்டால் அந்த இடம் 1984-ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் தாஸ்கா. சமூக நலத்துறையான ஜேகேஎம்மில் பதிவு செய்ய வேண்டும். ஒரு பராமரிப்பாளர் எத்தனை குழந்தைகளைப் பார்க்கலாம் என்பதற்கும் வரையறை உண்டு: ஒரு வயதுக்குட்பட்டவர்கள் என்றால் மூன்று பேர், ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஐந்து பேர், மூன்றிலிருந்து நான்கு வயது வரை பத்துப் பேர்.

இப்போது ஒரு கைக்குழந்தைக்கு மாதம் 600 வெள்ளி வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று குழந்தைக்கு 1,800. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆகிவிட்டது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு இடங்களுக்கும் அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து அதுதான். இதற்கு மேல் ஓய்வுக்காலச் சேமநிதியான இபிஎஃப்புக்கு முதலாளி கட்டுவது 13 விழுக்காடு, 221 வெள்ளி. ஆக அந்த மூன்று குழந்தைகளைப் பார்க்கும் ஒருவருக்கே 1,921 வெள்ளி போய்விடுகிறது. வாடகை, மின்சாரம், பால், சாப்பாடு எதையும் இன்னும் தொடவில்லை. கட்டணத்தை உயர்த்தினால் பெற்றோர் தாங்க மாட்டார்கள். அதனால்தான் பல தாஸ்காக்கள் கைக்குழந்தைகளை எடுக்கத் தயங்குகின்றன, பெரிய பிள்ளைகளை வைத்து ஈடு கட்டுகின்றன. உரிமையாளர் கஞ்சராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கைக்குழந்தைகளின் பாதுகாப்புக்காக வைத்த விதியே சம்பளத்துக்கும் உச்சவரம்பு போட்டுவிடுகிறது.

இது தெரிந்துகொண்டு உள்ளே போனால் ஏமாற்றம் இருக்காது. நுழைவது சுலபம்: கேஏபி என்று சொல்லும் பெர்மாத்தா பராமரிப்புப் பயிற்சி சில வாரங்களில் முடியும். சமையலும் செய்வீர்கள் என்றால் உணவு கையாளும் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் சேரும். ஏட்டுப் படிப்பு வராத பிள்ளைக்கு எஸ்.கே.எம். திறன் சான்றிதழ் வழியாகவும் போகலாம்; மூன்றாம் நிலையிலிருந்து டிப்ளோமாவுக்கு ஏறலாம். எஸ்.பி.எம்.மில் சறுக்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் அழுதுகொண்டிருப்பவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

மேலே ஏற வேண்டுமானால் தாஸ்காவிலிருந்து தாடிகாவுக்கு, அதாவது நான்கு முதல் ஆறு வயதுக்கான பாலர் பள்ளிக்குப் போவதுதான் இயல்பான வழி. அங்கே கல்வி அமைச்சின் ஆட்சி. ஆரம்பக் குழந்தைப் பருவக் கல்வியில் டிப்ளோமா கேட்பார்கள். தமிழ்ப்பள்ளிகளோடு சேர்ந்த அரசுப் பாலர் வகுப்புகளும் இருக்கின்றன. ஒரு வகுப்புக்கு 25 பிள்ளைகள் வரை, ஓர் ஆசிரியர், கூடவே பிபிஎம் என்கிற உதவியாளர் ஒருவர். ஆசிரியராக வேண்டுமென்றால் ஆசிரியர் பயிற்சிக் கழகமான ஐபிஜி பக்கம் போக நல்ல எஸ்.பி.எம். முடிவு வேண்டும். பிபிஎம் பதவிக்கு எஸ்.பி.எம். தேர்ச்சியை வைத்தே விண்ணப்பிக்கலாம். அரசு வேலை, நிலையான சம்பளம், பள்ளி விடுமுறை, மதியத்தோடு வகுப்பு முடிவு. மாலையில் நடன வகுப்பு நடத்த நினைப்பவளுக்கு இதைவிடத் தோதான வேலை எனக்குத் தெரியவில்லை. ஆனால் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். நினைத்த ஆண்டில் கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

பாலர் பள்ளியில் தமிழுக்கு மதிப்பு உண்டா? தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்பில் அது அடிப்படைத் தகுதி. தனியார் தாடிகாவில் கதை வேறு. கோலாலம்பூரில் பல தமிழ்ப் பெற்றோர் ஆங்கிலத்தில் பேசுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். மனம் வருத்தமாக இருந்தாலும் நிலைமை அதுதான்.

சொந்தமாகத் தொடங்குவது தனிக் கணக்கு. வீட்டிலேயே பத்துக்குக் குறைவான குழந்தைகளோடு வீட்டுத் தாஸ்கா நடத்தலாம். பத்தும் அதற்கு மேலும் என்றால் நிறுவனத் தாஸ்கா. ஊராட்சி மன்றம், தீயணைப்புத் துறை, சுகாதாரத் துறை என்று அனுமதிகள் நீளும். பினாங்கில் இதற்கு ஒரு சிறப்பான தேவை இருக்கிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972 முதல் இயங்குகிறது. அங்கே ஷிப்டு வேலைக்குப் போகும் தாய்மார்களுக்குக் காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை என்ற நேரம் பொருந்துவதே இல்லை. ஷிப்டுக்கு ஏற்பத் திறந்து வைக்கும் ஓர் இடம் வாய்மொழியிலேயே நிரம்பிவிடும். நடத்துகிறவரின் தூக்கம்தான் அதற்கு விலை.

இன்னொரு பொறுப்பும் இதில் உண்டு. 2001-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தின்படி, ஒரு குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்று நம்பக் காரணம் இருந்தால் பராமரிப்பாளர் நலத்துறை அதிகாரியிடம் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தையின் தொடையில் காயத்தைப் பார்த்துவிட்டு, அதன் அப்பா தெரிந்தவர் ஆயிற்றே என்று பேசாமல் இருக்க முடியாது. உறவுக்காரர்களின் பிள்ளைகளை வைத்துத்தான் வீட்டுத் தாஸ்கா தொடங்கப் போகிறீர்கள் என்றால் இதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதுகு வலி, தொற்றுக் காய்ச்சல், கை கால் வாய்ப் புண் நோய் வந்தால் சில நாள் மூடுவது எல்லாம் இருக்கவே இருக்கிறது.

மேடை

நடனமும் நாடகமும் தொழிலாகுமா என்ற கேள்விக்கு ஆகும், ஆகாது என்று ஒரே சொல்லில் பதில் சொல்கிற இரண்டு பேரையும் நம்ப வேண்டாம்.

கோலாலம்பூரில் முறையான படிப்பு என்றால் அஸ்வாரா. 1994-இல் தொடங்கிய அரசுக் கல்விக்கழகம். நடனப் பிரிவில் மலாய் மரபு நடனம், இந்தியச் செவ்வியல் நடனம், சீன நடனம், பாலே, நவீன நடனம் எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். நேர்முகத்திலும் ஆடிக்காட்டுவதிலும் தேறி உள்ளே போகலாம். கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிடும்படியாக இல்லை, குறைவு. பதினைந்து வருடம் பரதம் மட்டும் ஆடியவளுக்கு அங்கே முதல் ஆண்டு உடம்பும் மனமும் நோகும். பல நடன முறைகளை உடம்பில் ஏற்றிக்கொள்வதுதான் பின்னால் சோறு போடும். பினாங்கில் யுஎஸ்எம்மின் மிண்டன் வளாகத்தில் கலைப் பள்ளி இருக்கிறது. நாடகம், இசை என்று படிக்கலாம். வேடிக்கை என்னவென்றால் பினாங்குப் பிள்ளை நாடகம் படிக்க வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். பேச்சு சிகிச்சை படிக்க வேண்டுமானால் கிளந்தானுக்கோ கோலாலம்பூருக்கோ மூட்டை கட்ட வேண்டும்.

பட்டம் இல்லாத வழியும் நம்மிடம் வலுவாகவே இருக்கிறது. 1981-இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பிரிக்பீல்ட்ஸிலும் பினாங்கிலும் தலைமுறைகளை ஆட வைத்திருக்கிறது. ராம்லி இப்ராஹிம் 1983-இல் நிறுவிய சூத்ரா தித்திவங்சாவில் ஒடிசியும் பரதமும் வளர்த்தது. ராம்லி ஆஸ்திரேலியாவில் இயந்திரப் பொறியியல் படித்தவர் என்பதைப் பெற்றோர் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள்: "பார், முதலில் பட்டம்!" ஆனால் அவர் அந்தப் பொறியியலை விட்டுவிட்டு ஆடப் போனவர் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்ததும் ஆட்டத்துக்காகத்தான்.

சரி, வருமானம்? மேடையில் ஆடுவதால் மட்டும் மாதச் செலவு நடத்துகிறவர்கள் மிகக் குறைவு. வகுப்பு நடத்துவதுதான் முதுகெலும்பு. ஒரு பிள்ளைக்கு மாதம் 80 வெள்ளி, 25 பிள்ளைகள் என்றால் 2,000. அதில் மண்டப வாடகை போகும். நீண்ட விடுமுறை மாதத்தில் பாதிப் பேர் வர மாட்டார்கள். தேர்வு நெருங்கினால், "டீச்சர், இந்த வருஷம் மட்டும் நிறுத்திக்கிறோம்" என்பார்கள். அரங்கேற்றம், சலங்கை பூஜை, நவராத்திரி, தீபாவளி நிகழ்ச்சிகள், கல்யாண மேடை என்று சில மாதங்களில் கை நிறைய வரும், சில மாதங்களில் காயும். நிகழ்ச்சி முடிந்து பணம் கைக்கு வர இரண்டு மாதம் ஆவது இங்கே சாதாரணம். முன்பணம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இதில் நிறைய இழக்கிறார்கள். "நம்ம கோயில்தானே, நம்ம சங்கம்தானே" என்று இலவசமாக ஆட அழைக்கும் பழக்கத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். அதே விழாவில் பந்தல் போட்டவருக்கும் சமைத்தவருக்கும் பணம் கொடுத்திருப்பார்கள்.

நாடகம், குரல், தொலைக்காட்சி பக்கம் பார்த்தால் கோலாலம்பூர்தான் ஊர். ஆர்டிஎம்மின் மின்னல் எஃப்எம், ஆஸ்ட்ரோவின் ராகா, வானவில், விண்மீன் எல்லாம் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றியே இயங்குகின்றன. தமிழ் நாடகத் தொடர், டப்பிங், விளம்பரக் குரல், நிகழ்ச்சி அறிவிப்பு என்று வேலைகள் துண்டு துண்டாக வரும். தமிழைத் தெளிவாக உச்சரிக்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே பிழைப்பு உண்டு. பினாங்கில் 2010 முதல் நடந்துவரும் ஜோர்ஜ் டவுன் விழாவும் 2011-இல் ஸ்ட்ரேட்ஸ் கீயில் திறந்த பினாங்பேக் அரங்கமும் கலைஞர்களுக்கு மேடை கொடுத்தன, ஆனால் ஆண்டு முழுவதும் தமிழில் நடிப்பை மட்டும் வைத்துப் பினாங்கில் வாழ்வது சிரமம். தீவில் இருந்துகொண்டே கலையில் இருக்க விரும்புகிறவர் வகுப்பைத்தான் நம்ப வேண்டும்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அரங்கம், கோயில் விழா, கல்யாணம் எல்லாம் ஒரே நாளில் நின்றன. கலையை மட்டும் நம்பியவர்களில் சிலர் உணவு விநியோகத்துக்குப் போனார்கள். அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: சுயதொழில் செய்யும் கலைஞர்கள் 2017-ஆம் ஆண்டின் சட்டம் 789-இன் கீழ் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் தாங்களே சேரலாம், ஒத்திகையில் கால் முறிந்தால் அது கைகொடுக்கும். இபிஎஃப்பில் ஐ-சாரான் திட்டத்தின் வழியாகத் தாங்களே சேமிக்கலாம், அரசும் கொஞ்சம் சேர்த்துப் போடும். முப்பது வயதில் முட்டி வலியோடு இதை யோசிப்பதைவிட இருபதில் கணக்கைத் திறந்துவிடுவது மேல். 2017-இல் தொடங்கிய செண்டானா கலைஞர்களுக்கு நிதியுதவி கொடுக்கிறது. விண்ணப்பத்தைத் தெளிவான மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதத் தெரிய வேண்டும். நம் கலைஞர்களில் பலர் ஆட்டத்தில் சுணங்குவதில்லை, இந்தத் தாளில்தான் சுணங்குகிறார்கள்.

மூன்றையும் கலக்கலாமா?

நடன சிகிச்சை, இசை சிகிச்சை, கலை சிகிச்சை என்று கேள்விப்பட்டவுடன் பிள்ளைகளின் முகம் மலரும். மூன்று ஆசையும் ஒரே இடத்தில்! துறை உண்மையானதுதான். ஆனால் சட்டம் 774-இன் பட்டியலில் இவை இல்லை. அதாவது யார் வேண்டுமானாலும் வாரயிறுதிப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு நடன சிகிச்சையாளர் என்று அட்டை அடித்துக்கொள்ள முடிகிற நிலை. முறையான முதுகலைப் படிப்புக்குப் பெரும்பாலும் வெளிநாடு போக வேண்டும். அருகில் என்றால் சிங்கப்பூர் லாசால் கலைக் கல்லூரியில் கலை சிகிச்சை முதுகலை இருக்கிறது. ஆகவே பதினெட்டு வயதில் நேராக இதைத் துரத்த வேண்டாம் என்பேன். ஓ.டி. அல்லது ஆலோசனைப் பட்டத்தை வாங்கிப் பதிவு செய்துகொண்டு, அதன் மேல் இதை ஏற்றுங்கள். பதிவு பெற்ற ஓ.டி. ஒருவர் சிகிச்சை அறையில் தாளத்தையும் அடவையும் பயன்படுத்தினால் யாரும் தடுக்கப் போவதில்லை. கைவிரல்களை ஒன்றொன்றாக மடக்கத் தெரியாத குழந்தைக்கு முத்திரைகளை விளையாட்டாகச் சொல்லிக் கொடுக்கும் ஓ.டி.யை நினைத்துப் பாருங்கள்.

இப்போது ஆளைப் பார்த்துச் சொல்கிறேன். அறிவியல் பாடங்களில் பி அல்லது அதற்கு மேல் வரும், வீட்டில் நான்கு ஆண்டு தாங்குவார்கள், பிடிபிடிஎன் என்கிற அரசு உயர்கல்விக் கடனுக்கும் தயார் என்றால் பேச்சு சிகிச்சை அல்லது ஓ.டி. நடனத்தை வாரயிறுதியில் விடாமல் வைத்துக்கொள்ளலாம். படிப்பை இப்போது விட்டால் இருபத்தெட்டில் திரும்ப வருவது மிகக் கடினம். கலைப் பிரிவில் நன்றாகப் படிக்கிறவர், கேட்பதில் பொறுமை உள்ளவர் என்றால் ஆலோசனை. மேடையில்லாமல் மூச்சே விட முடியாது என்கிறவளை யாரும் தடுக்க வேண்டாம்; அஸ்வாராவுக்கு அனுப்புங்கள், ஆனால் பக்கத்தில் பாலர் கல்வி டிப்ளோமாவோ கணக்கு வைக்கும் திறமையோ ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாற்பதை நெருங்கும் அம்மா, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி ஏதாவது செய்ய வேண்டும் என்றால் தயங்காமல் கேஏபி, பிறகு வீட்டுத் தாஸ்கா. பையன்களுக்குத் தாஸ்காவில் இடம் கிடைப்பது அரிது, பெற்றோர் சம்மதிப்பதில்லை, ஓ.டி.யும் பிசியோவும் அவர்களுக்குத் திறந்திருக்கின்றன, சிறப்புக் குழந்தைகளின் மையங்களில் ஆண் சிகிச்சையாளரைத் தேடுகிறார்கள்கூட.

பணம் கட்டுவதற்கு முன் தொட்டுப் பார்க்க வழிகள் உண்டு. எஸ்.பி.எம். முடிந்த இடைவெளியில் வீட்டுக்கு அருகில் உள்ள பிடிகே மையத்தில், அதாவது ஜேகேஎம் ஆதரவில் நடக்கும் சமூக மறுவாழ்வு மையத்தில், தொண்டராக உதவலாமா என்று கேளுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பள்ளியில் துணையாக உட்காரும் ஷேடோ எய்ட் வேலைக்குத் தனியார் மையங்கள் இளைஞர்களை எடுக்கின்றன; ஒரு மாதத்திலேயே இது நமக்கு ஆகுமா என்று தெரிந்துவிடும். கொஞ்சம் வயது வந்தவர்களுக்கு, மனம் நொந்தவர்களின் தொலைபேசி அழைப்பைக் கேட்கும் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் தொண்டர் பயிற்சி இருக்கிறது, கோலாலம்பூரிலும் பினாங்கிலும். மறுமுனையில் ஒருவர் பேசாமல் இருக்கும் மூன்று நிமிடத்தை எப்படித் தாங்குவது என்பதை அங்கே கற்றுக்கொள்வீர்கள்.

அப்புறம் தனியார் கல்லூரிக் கவுண்டரில் கையெழுத்துப் போடும் முன் இரண்டே கேள்வி. இந்தப் படிப்பு, படிப்புகளின் தரத்தை அங்கீகரிக்கும் அரசு அமைப்பான எம்கியூஏவின் பதிவேட்டில் இருக்கிறதா? முடித்தால் எந்த வாரியத்தில் அல்லது மன்றத்தில் என் பெயரைப் பதிவு செய்ய முடியும்? இரண்டாவது கேள்விக்கு, "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்று பதில் வந்தால் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.